ஸ்டிக்கரில் ஒன்று, உள்ளே வேறொன்று: எஃப்பிஜிஏ கேபிள் வாங்கின கதை

போர்டுக்கு நான் இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. ஐந்து வோல்ட் அடாப்டர் மேசையில் சுருண்டு கிடந்தது. புதுக் கேபிளின் ஒரு முனையைக் கணினியிலும் மற்ற முனையைப் போர்டின் பத்துப் பின் தலையிலும் செருகியதுதான் தாமதம், போர்டின் சிவப்பு எல்இடி எண்ணெய் தீருகிற விளக்கு மாதிரி மங்கலாக எரியத் தொடங்கியது.

"மாமா, அடாப்டர் போடேல்லையே. பிறகு எப்பிடி லைட் எரியுது?" என்றாள் மருமகள்.

உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை. கேட்டது சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரிய இரண்டு நாள் எடுத்தது, ஒரு ஸ்குரூ டிரைவரும் தேவைப்பட்டது.

நான் திருகோணமலையில் படகுச் சாமான் திருத்துகிறவன். விஎச்எஃப் செட், ஜிபிஎஸ், மீன் காட்டுகிற மெஷின். திருக்கடலூரிலிருந்தும் வரும், கொட்பே துறைமுகத்து ஆழ்கடல் படகுகளிலிருந்தும் வரும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கும்போதுதான் எல்லாரும் மெஷினைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். மீன் காட்டுகிற மெஷின் தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும். பெரும்பாலானவை 50 அல்லது 200 கிலோஹேர்ட்ஸில் வேலை செய்யும். அந்த அலைவரிசை சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு கவுண்டர், அதாவது ஒரு செக்கனில் எத்தனை அலை என்று எண்ணுகிற கருவி, வேண்டும். கடையில் வாங்கலாம்தான். ஆனால் எஃப்பிஜிஏவில், அதாவது உள்ளே இருக்கிற சுற்றை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்பில், நானே செய்து பார்க்கவேணும் என்ற ஆசை பல வருடமாக இருந்தது. அதற்காகத்தான் சைக்ளோன் 2 சிப் உள்ள ஒரு பழைய சின்னப் போர்டை வாங்கினேன். இபி2சி5 என்ற சிப், 144 கால், 4,608 லொஜிக் எலிமென்ட் (சுற்றைக் கட்டுகிற செங்கல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்), பக்கத்தில் 50 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல். ஒரு கவுண்டருக்கு இது தாராளம்.

போர்ட் வந்த பிறகுதான் தெரிந்தது, அதில் கணினியோடு நேரே பேச ஒரு வழியும் இல்லை என்று. தனியாகக் கேபிள் வாங்கவேண்டும். போர்டைத் தேடித் தேடி ஒரு மாதம் படித்தவன், கேபிளை ஐந்து நிமிடத்தில் வாங்கினேன். விலை 2,150 ரூபா, கொழும்பு ஒன்லைன் கடை ஒன்று, மூன்றாம் நாள் கூரியர்.

கேபிள் என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் அது வெறும் கம்பி இல்லை. யூஎஸ்பியில் வருவதை வாங்கி, ஜேடேக் என்கிற நாலு கம்பிப் பேச்சாக மாற்றிக் கொடுக்கிற ஒரு சின்ன மெஷின் அதன் நடுவில் இருக்கிறது. டிசிகே தாளம் போடும், டிஎம்எஸ் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லும், டிடிஐ வழியாக உள்ளே போகும், டிடிஓ வழியாக வெளியே வரும். இந்த ஜேடேக்கை 1990இல் ஐஈஈஈ 1149.1 என்று தரப்படுத்தினார்கள். என்னை மாதிரித் திருத்துகிறவனுக்குப் பிடித்த சங்கதி ஒன்று: அதை முதலில் யோசித்தது சிப்பில் புரோகிராம் ஏற்றுவதற்காக அல்ல. சிப்பின் கால்கள் போர்டில் ஒழுங்காக ஈயம் பிடித்திருக்கிறதா என்று கம்பி குத்தாமல் சோதிக்கத்தான். புரோகிராம் ஏற்றுகிற வேலை பிறகு அதன் தோளில் ஏறியது.

இனி அந்தக் கேபிளைப் பற்றி.

பெயர் யூஎஸ்பி பிளாஸ்டர். அல்டெரா கம்பனி தன் சிப்புகளுக்காகச் செய்த கேபிளின் பெயர் அது. அல்டெராவை 2015இல் இன்டெல் வாங்கியது, ஆனாலும் கேபிளை எல்லாரும் இன்னும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அசல் விலை என் வருமானத்துக்கு எட்டாது. என்னிடம் வந்தது அதன் நகல்களில் ஒன்று. சிகரெட் பெட்டியில் பாதி அளவு, மேலே பளபளவென்று ஸ்டிக்கர், ஒரு மினி யூஎஸ்பி வயர், பத்துப் பின் றிபன்.

முதல் நாள் முழுதும் அல்டெராவின் மென்பொருளான குவார்ட்டஸ் "நோ ஹார்ட்வேர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சைக்ளோன் 2க்குக் குவார்ட்டஸ் 13.0 சேர்விஸ் பக் 1தான் கடைசி. அதற்குப் பிறகு வந்த எந்தப் பதிப்பிலும் இந்தச் சிப் இல்லை. ஆகவே பழைய மென்பொருளைப் புதிய உபுண்டுவில் ஏற்றவேண்டும், அதற்கு 32 பிட் நூலகக் கோப்புகளைத் தேடிப் போடவேண்டும். அந்த வதையை இங்கே விரித்தால் கேபிளுக்கு இடம் இருக்காது. கேபிள் தெரியாததற்குக் காரணம் இரண்டு, இரண்டும் என் பிழை. ஒன்று, வந்த வயரை விட்டுவிட்டு லாச்சியில் கிடந்த மினி யூஎஸ்பி வயரைப் போட்டேன். அது சார்ஜ் செய்ய மட்டும் உள்ள வயர், உள்ளே இரண்டே கம்பி. மீற்றரை வைத்துப் பார்த்த பிறகு குப்பையில் போட்டேன். மற்றது, லினக்ஸில் சாதாரண ஆளுக்கு அந்தக் கேபிளைத் தொட அனுமதி இல்லை. யூடெவ் விதி ஒன்று எழுதி, 09எஃப்பி:6001 என்ற இலக்கத்தோடு வருகிற சாதனத்தை எல்லாரும் பாவிக்கலாம் என்று சொல்லவேண்டும். சொன்னதும், கேபிளின் மறுமுனையில் என்ன சிப் என்று கேட்கிற ஜேடேக்கான்பிக் கட்டளைக்கு 020பி10டிடி என்று பதில் வந்தது. அது இபி2சி5 சிப்பின் அடையாள இலக்கம். போர்ட் பேசிவிட்டது!

யாராவது இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நின்றால் ஒரு குறிப்பு. அடையாள இலக்கம் எல்லாம் சுழியமாகவோ எல்லாம் ஒன்றாகவோ வந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்டவேண்டாம். டிடிஓ கம்பியைப் பாருங்கள், போர்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சில வேளை சரியாகவும் சில வேளை குப்பையாகவும் வந்தால் நிலக்கம்பியையும் (கிரவுண்ட்) டிசிகேயையும் பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தடவை கம்பிதான்.

மங்கலாக எரிந்த லைட்டுக்கு வருகிறேன். பெட்டியின் ஒட்டை நெம்பித் திறந்தேன். அசல் யூஎஸ்பி பிளாஸ்டரில் எஃப்டிடிஐ கம்பனியின் எஃப்டி245 சிப் ஒன்றும் அல்டெராவின் சின்ன லொஜிக் சிப் ஒன்றும் இருக்கும். முக்கியமான சங்கதி, பத்துப் பின்னில் நாலாவது பின் போர்டின் வோல்டேஜைக் கேபிளுக்குச் சொல்கிற பின். போர்ட் 3.3 வோல்டா, 2.5ஆ, 1.8ஆ என்று அதன் வழியாகத் தெரிந்துகொண்டு, கேபிள் அதே அளவில் சிக்னல் கொடுக்கவேண்டும். அந்தப் பின்னுக்குக் கரண்ட் கொடுக்கவேண்டியது போர்ட்.

என் பெட்டிக்குள் இருந்தது பதினாறு கால் உள்ள ஒரே ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு கிறிஸ்டல், நாலைந்து ரெசிஸ்டர். லொஜிக் சிப்பும் இல்லை, வோல்டேஜ் மாற்றுகிற பபரும் இல்லை. கேபிளைப் போர்டில் செருகாமல் தனியாகக் கணினியில் மட்டும் போட்டு நாலாவது பின்னை மீற்றரில் பார்த்தேன். 3.3 வோல்ட். கேட்க வேண்டிய பின்னில் இது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் அடாப்டர் இல்லாமல் எரிந்த லைட்.

"அப்ப இது கள்ளச் சாமானா?" என்று மருமகள் கேட்டாள்.

"கள்ளம் எண்டு சொல்லேலாது பிள்ளை. வேலை செய்யுது. ஆனா காது கேக்காத ஆள்."

என் போர்ட் 3.3 வோல்ட் என்றபடியால் தப்பியது. 1.8 வோல்ட் போர்டில் இதைச் செருகியிருந்தால் சிப்பின் ஜேடேக் கால்களுக்கு இரட்டிப்புக்குக் கிட்ட வோல்டேஜ் போயிருக்கும். விற்ற கடைக்கு எழுதிக் கேட்டேன், உள்ளே என்ன சிப் என்று. "ஒரிஜினல் குவாலிட்டி" என்று பதில். வேண்டுமானால் திருப்பி அனுப்பலாமாம், கூரியர் செலவு என்னுடையது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போய் வருகிற கூரியர் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் றாஸ்பெரி பை பீக்கோ என்கிற சின்னப் போர்ட் ஒன்று வாங்கலாம். அனுப்பவில்லை. நாலாவது பின்னுக்குப் போகிற தடத்தைப் பிளேட்டால் வெட்டிவிட்டு, பெட்டியை மூடி வைத்துக்கொண்டேன்.

வேகம்? இபி2சி5க்கு ஏற்றவேண்டியது சுமார் 12.6 இலட்சம் பிட். அசல் யூஎஸ்பி பிளாஸ்டரின் தாளம் 6 மெகாஹேர்ட்ஸ். கணக்குப்படி கால் செக்கன்கூட ஆகாது. நடுவில் யூஎஸ்பி தாமதங்கள் இருப்பதால் ஒன்று இரண்டு செக்கன் என்று வைத்துக்கொள்ளலாம். என் நகல் ஆறேழு செக்கன் எடுத்தது. அது எனக்குப் பெரிய காரியமில்லை, தேத்தண்ணியில் ஒரு மிடறு. கோபம் வந்தது வேறு இடத்தில். சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஓடுகிறபோதே பார்க்கக் குவார்ட்டஸில் சிக்னல்டப் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இதே கேபிள் வழியாகத்தான் வரும். 200 கிலோஹேர்ட்ஸ் கொடுத்தும் என் கவுண்டர் ஏன் 199,000இல் நிற்கிறது, ஏன் 200,000க்கு வரவில்லை என்று பார்க்கச் சிக்னல்டப்பைத் தொடர்ந்து ஓடவிட்டால், நாலாவது ஐந்தாவது தடவையில் கேபிள் மயங்கிவிடும். கழற்றி மறுபடி செருகவேண்டும். ஒரு இரவில் பதினொரு தடவை கழற்றிச் செருகினேன், எண்ணினேன். மினி யூஎஸ்பி வாய் அதற்கு எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே இந்த நகலுக்கு என் தீர்ப்பு: பழைய அல்டெரா போர்ட் ஒன்று, 3.3 வோல்ட், புரோகிராம் ஏற்றினால் போதும் என்றால் வாங்கலாம். அதற்கு மேல் ஒன்றுக்கும் உதவாது. இதே ஸ்டிக்கரோடு உள்ளே ஒழுங்கான சிப்புகள் உள்ள நகல்களும் சந்தையில் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கடைக்காரரிடம் உள்ளே இருக்கிற சிப்பின் படத்தைக் கேட்பது. படம் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பத்துப் பின் சொருகியைத் தலைகீழாகப் போட்டால் எல்லாம் எரிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். நான் கடுதாசியில் கீறிப் பார்த்தேன். தலைகீழாகப் போட்டால் போர்டின் வோல்டேஜ் பின் கேபிளின் வெறும் ஏழாம் பின்னில் போய் விழும். டிசிகேயும் டிடிஐயும் நிலத்தில் முட்டும். கேபிளின் வெளியீடுகள் கஷ்டப்படும், உடனே கழற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். உண்மையில் பயப்படவேண்டியது ஒரு வரிசை தள்ளிச் செருகுவதற்கு. அப்படிச் செருகினால் போர்டின் நாலாவது பின் கேபிளின் இரண்டாவது பின்னில், அதாவது நேரே நிலத்தில் இருக்கும். போர்டுக்கும் அதே கணினியிலிருந்து கரண்ட் போகிறதென்றால் அது முழுச் சோர்ட். சுற்றிப் பிளாஸ்ரிக் சுவரும் ஒரு வெட்டும் உள்ள தலை என்றால் இந்த விபத்து நடக்க வழியில்லை. வெறும் பின்கள் நிற்கிற போர்ட் என்றால் முதலாம் பின்னுக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அது மருமகளின் சிவப்பு நகப்பூச்சு.

இரண்டாவது வாங்கியது கேபிளே இல்லை, எஃப்டி232எச் சிப் உள்ள ஒரு சின்ன மொடியூல். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கிற எஃப்டிடிஐ கம்பனியின் சிப் அது. தாளம் 30 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். இதில் பிடித்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று மறைக்க ஒன்றும் இல்லை. பெட்டி இல்லை, ஸ்டிக்கர் இல்லை, சிப்பின் முதுகில் எழுத்துத் தெரிகிறது. ஏடி0 டிசிகே, ஏடி1 டிடிஐ, ஏடி2 டிடிஓ, ஏடி3 டிஎம்எஸ். நிலத்தோடு சேர்த்து ஐந்து கம்பி, அவ்வளவுதான். லினக்ஸில் 0403:6014 என்று உடனே தெரிந்தது. இதற்கு மூத்த எஃப்டி2232எச் இரட்டை வாய் உள்ளது, 0403:6010 என்று வரும். ஒரு வாயில் ஜேடேக், மற்ற வாயில் சீரியல் என்று ஒரே வயரில் இரண்டு வேலை பார்க்கலாம். எனக்கு அப்போது அது தெரிந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

சிக்கல் மென்பொருளில். ஒவ்வொரு கம்பனியின் மென்பொருளுக்கும் தன் வீட்டுக் கேபிளைத்தான் தெரியும். குவார்ட்டஸ் இந்த மொடியூலை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே குவார்ட்டஸில் எஸ்விஎஃப் என்ற கோப்பைச் செய்து, அதை ஓபன்ஓசிடி என்ற இலவச மென்பொருள் மூலம் ஓடவிடவேண்டும். எஸ்விஎஃப் வெறும் எழுத்துக் கோப்பு, இன்ன பிட்டை அனுப்பு, இன்னது திரும்பி வருகிறதா பார் என்று வரிவரியாக எழுதியிருக்கும். முதல் நாள் தலையிடி. மூன்றாம் நாள் நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன், அதன் பிறகு ஒரு தடவைகூட மயங்கவில்லை. சிக்னல்டப் மட்டும் இதில் கிடையாது, அது குவார்ட்டஸோடு பிறந்தது. இந்த மொடியூலுக்கும் போர்டின் வோல்டேஜைக் கேட்கிற காது இல்லை, 3.3 மட்டும்தான். ஆனால் அது அதை ஒளிக்கவில்லை.

எஃப்டிடிஐ சிப்புகளுக்கும் போலி உண்டு. 2014 ஒக்டோபரில் அந்தக் கம்பனி வின்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பின டிரைவர், போலி எஃப்டி232 சிப்புகளைக் கண்டால் அவற்றின் சாதன இலக்கத்தைச் சுழியமாக்கிவிட்டது. சாமான் செத்துவிட்ட மாதிரி. கூச்சல் எழும்பி, கம்பனி அந்த டிரைவரைத் திரும்ப எடுத்தது. போலி செய்தவனுக்குப் போட்ட அடி, தெரியாமல் வாங்கினவனின் முதுகில் விழுந்தது. அதனால் மிகவும் மலிவாக இருக்கிற எஃப்டிடிஐ மொடியூலைக் கண்டால் நான் கை வைக்கமாட்டேன். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு மடிக்கணினியில் போட்டுப் பார்த்து வாங்கினால் நல்லது. எங்கள் மாதிரி ஊரில் இருந்துகொண்டு ஓடர் பண்ணுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் மலிவானதும் எனக்கு இப்போது மிகவும் பிடித்ததும். றாஸ்பெரி பை பீக்கோ. அது கேபிளே அல்ல, ஒரு சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் போர்ட். அதில் டேர்ட்டிஜேடேக் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஜேடேக் கேபிளாக மாறிவிடும். ஏற்றுகிற விதமும் சின்னப்பிள்ளை வேலை: பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு செருகினால் பென் டிரைவ் மாதிரித் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஜிபிஐஓ இலக்கப்படி கால்கள் 16 முதல் 19 வரை, டிடிஐ, டிடிஓ, டிசிகே, டிஎம்எஸ் என்ற ஒழுங்கில்.

இதை நான் பாவிப்பது இரண்டாவது போர்டுக்கு. ஜைலிங்ஸ் என்ற இன்னொரு எஃப்பிஜிஏ கம்பனியின் ஸ்பார்ட்டன் 6. ஜைலிங்ஸை 2022இல் ஏஎம்டி வாங்கியது. ஸ்பார்ட்டன் 6க்கு ஜைலிங்ஸின் இப்போதைய மென்பொருளான விவாடோ உதவாது, 2013இல் வந்த ஐஎஸ்ஈ 14.7தான் கடைசி. பழைய போர்ட் வாங்குகிறவன் பழைய மென்பொருளையும் சேர்த்துத்தான் வாங்குகிறான், விலைச்சிட்டையில் அது இருக்காது. ஐஎஸ்ஈயில் பிட் கோப்பைச் செய்து, ஓபன்எஃப்பிஜிஏலோடர் என்ற இலவசக் கருவிக்குக் கேபிள் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் ஏற்றிவிடும். எல்எக்ஸ்9 சிப்புக்குச் சுமார் 27 இலட்சம் பிட், நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நகல் பிளாஸ்டரைவிட இரண்டு மடங்கு பிட், அதைவிடக் குறைந்த நேரம்.

ஜைலிங்ஸ் பக்கம் போகிறவர்களுக்குப் பின் தலையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. அவர்களுடைய பதினாலு பின் தலை 2 மில்லிமீற்றர் இடைவெளி. நாம் பாவிக்கிற சாதாரணப் பின்கள் 2.54. கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், அழுத்தினால் முதல் மூன்று பின் போகும், மிச்சம் வளையும். சில போர்டுகளில் ஆறு பின் உள்ள 2.54 தலை இருக்கும். வாங்க முதல் ஸ்கேல் வைத்துப் பார்க்க முடியாவிட்டால் படத்தைப் பெரிசாக்கி எண்ணுங்கள்.

கொழும்பில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் கோணேசர் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்தபோது, கேட்டுக்கொண்டபடியே தன் டிஜிலென்ட் ஜேடேக் எச்எஸ்2 என்ற விலை கூடின கேபிளைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு நாள் கையில் இருந்தது. நகத்தளவு போர்ட், ஆறு பின், 1.8 முதல் 5 வோல்ட் வரை போர்டைக் கேட்டு நடக்கும், 30 மெகாஹேர்ட்ஸ் வரை போகும், ஜைலிங்ஸ் மென்பொருள் தானாகவே கண்டுபிடிக்கும். அவர் குடும்பம் கோட்டைக்குள் மானுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கடையில் இதைச் செருகிச் செருகி இரசித்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, விலையைத் தவிர. என் இரண்டு போர்டையும் சேர்த்தாலும் அந்த விலை வராது. வேலைக்காகச் செய்கிறவருக்கு இது நியாயம். பொழுதுபோக்குக்கு இல்லை.

உப்புக்காற்றைச் சொல்லாமல் விட்டால் நான் திருகோணமலைக்காரன் இல்லை. கடற்கரையிலிருந்து நூறு யார் தூரத்தில் என் கடை. இரண்டு வாடை கடந்தால் எந்தப் பின்னும் பச்சை பிடிக்கும். தங்க முலாம் பூசின பின் கொஞ்சம் தாங்கும், வெள்ளை முலாம் தாங்காது. மலிவான றிபனில் அழுத்திப் பிடிக்கிற சொருகியின் உள்ளே கம்பியைக் கடிக்கிற பற்கள்தான் முதலில் போகும், வெளியில் ஒன்றும் தெரியாது. என் நகல் பிளாஸ்டரின் றிபன் எட்டு மாதத்தில் அப்படித்தான் போனது. இப்போது எல்லாக் கேபிளையும் மூடி போட்ட பிளாஸ்ரிக் டப்பாவில், மருந்துப் போத்தலுக்குள் வருகிற சின்ன ஈரம் உறிஞ்சிப் பைகளோடு வைக்கிறேன். பீக்கோவுக்குக் கம்பியை நேரே ஈயத்தில் பிடித்துவிட்டேன், சொருகியே இல்லை. நீளம் ஒரு சாண். கம்பியை நீட்டினால் டிசிகே அதிரத் தொடங்கும், ஒரு தாளத்தை இரண்டாக எண்ணும். முழ நீளத்தில் வைத்துப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்தால்தான் ஓடியது.

இவ்வளவும் படித்துவிட்டு "நான் புதிதாகத் தொடங்கப் போகிறேன், எந்தக் கேபிள் வாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு: ஒன்றும் வாங்காதீர்கள். கேபிள் உள்ளேயே இருக்கிற போர்டை வாங்குங்கள். மருமகளுக்கு நான் பிறகு எடுத்துக் கொடுத்தது சிப்பீட் டாங் நானோ 9கே. கோவின் கம்பனியின் சிப், 8,640 லட் (லொஜிக் எலிமென்ட் மாதிரியான செங்கல்தான்), 27 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல், ஆறு எல்இடி. யூஎஸ்பி சி வயரைச் செருகினால் அதே வயரில் கரண்டும் போகும், ஜேடேக்கும் போகும், சீரியலும் வரும், அந்த வேலைக்கு ஒரு தனிச் சிப் போர்டிலேயே இருக்கிறது. என் சைக்ளோன் போர்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். புரோகிராமைச் சிப்புக்குள்ளேயே நிரந்தரமாக எழுதலாம். என் பழைய போர்டில் ஜேடேக் வழியாக நேரே ஏற்றுவது கரண்ட் போனால் அழிந்துவிடும், நிரந்தரமாக எழுத இன்னொரு பத்துப் பின் தலை பக்கத்தில் இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு தலை. எத்தனை தடவை மாறிச் செருகினேன் என்று கேட்காதீர்கள்.

பிள்ளை அன்றே பின்னேரம் லைட்டை ஓடவிட்டாள். யூடெவ் இல்லை, மீற்றர் இல்லை, பெட்டி உடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமும் கொஞ்சம் பொறாமையும்.

"மாமா, நீங்கள் ஏன் முதலே இதை வாங்கேல்லை?"

"அப்ப எனக்கு நீ சொல்லித் தரேல்லையே."

கையில் ஏற்கெனவே பழைய போர்ட் இருக்கிறவர்கள், என்னை மாதிரி, பீக்கோவிலிருந்து தொடங்கலாம். போர்ட் அல்டெரா என்றால், சிக்னல்டப்பும் வேண்டும் என்றால் மட்டும், சிப்பின் படம் பார்த்து நல்ல நகல் பிளாஸ்டர் ஒன்று. 3.3 வோல்டுக்குக் குறைந்த போர்ட் என்றால் போர்டைக் கேட்டு நடக்கிற கேபிளுக்குக் காசு சேருங்கள், அதில் மிச்சம் பிடிக்கப் போகவேண்டாம்.

கவுண்டர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 199,000இல் நின்றது சிப்பின் பிழையும் இல்லை, கேபிளின் பிழையும் இல்லை. ஒரு செக்கனை நான் 50,000,000 தாளம் என்று எண்ணாமல் 49,750,000 என்று எழுதியிருந்தேன், ஒரு இரவு நித்திரைக் கண்ணில் பரிசோதனைக்காக மாற்றியது, திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் பதினொரு தடவை கேபிளைக் கழற்றியது. இப்போது சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 200 கிலோஹேர்ட்ஸ் கொடுத்தால் 200,003 என்று காட்டுகிறது. நேற்று ஒரு ஆழ்கடல் படகுக்காரர் கொண்டுவந்த மெஷின் 193 கிலோஹேர்ட்ஸ் காட்டியது. கடலுக்குள் சத்தம் அனுப்புகிற அதன் தலையைத் திறந்தால் உள்ளே தண்ணீர்.